இடக்கை லீவர்கள்

என் கணவரின் வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து உருட்டும் ரோலரில், எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம் அவை போயின. பதுளை ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று, மிஞ்சிய இரண்டு விரல்களையும் காற்றில் வைத்து எதையோ அமுக்குவதுபோல் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார்.

"சரி, இனி இல்ல" என்றார்.

வேலையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. உலர்த்தும் மெஷின் பக்கம் மாற்றிக் கொடுத்தார்கள். அவர் சொன்னது பதுளையில் எங்கள் தேவாலயத்துப் பேண்டை.

அந்தப் பேண்டில் அவர் அடிக்குரல் வாத்தியம் வாசித்து வந்தார். மூன்று பிஸ்டன் உள்ள ஒரு பழைய பித்தளைக் குழல் அது. மூன்றையும் வலது கையின் மூன்று விரல்களால் அமுக்க வேண்டும். இடது கையால் அமுக்கினால் என்ன என்று நான் கேட்டேன். குழல் வளையும் பக்கம், வாய் வைக்கும் இடம், மடியில் உட்காரும் விதம் எல்லாம் வலது கைக்கென்றே செய்தது, மாற்றிப் பிடித்தால் எட்டாது என்று பிடித்துக் காட்டினார். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போனோம். பேண்ட் வாசிக்கும்போது அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் பங்குத்தந்தை ஜெர்மனியில் படித்த காலத்துச் சிநேகிதர்கள் ஒரு மரப்பெட்டி அனுப்பினார்கள். உள்ளே வைக்கோல் மாதிரி சீவிய காகிதத்துக்குள் ஒரு டியூபா இருந்தது. நான்கு வயதுப் பிள்ளையை அதன் வாய்க்குள் உட்கார வைக்கலாம், அவ்வளவு பெரிது. பூச்சு பல இடங்களில் தேய்ந்து பித்தளை வெளியே தெரிந்தது. எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். பேண்டை நடத்தியவர் மாவட்டச் செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். அவர் அதைத் தூக்கி மடியில் வைத்து, தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கீழே வைத்தார்.

"இதென்ன, வால்வை ரெண்டு கைக்கும் பிரிச்சுப் போட்டிருக்கிறாங்கள். ஆர் இதை வாசிக்கிறது?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதில் பிஸ்டனே கிடையாது. நான்கு வால்வுகளும் சின்ன உருளைகள். மேலும் கீழும் போகாமல் இருந்த இடத்திலேயே கால் சுற்றுச் சுற்றும், பிறகு திரும்பி வரும். அவற்றைச் சுற்ற வைக்க லீவர்கள் இருந்தன. சாதாரணமாக நான்கு லீவரும் வலது கைக்கு வரிசையாக இருக்குமாம். இதில் இரண்டு மட்டும் வலது கைக்கு. மற்ற இரண்டும் இடது கைக்கு, குழலின் மறுபக்கம். அங்கிருந்து வால்வு வரை எட்டுவதற்காக ஒரு நீளத் தண்டு பெரிய வளைவுக்கு அடியால் குறுக்கே ஓடியது. லீவரை அமுக்கினால் அதன் மறுமுனை ஒரு கயிற்றை இழுக்கும். கயிறு வால்வின் தலையிலுள்ள சின்னச் சக்கரத்தைச் சுற்றியிருந்தது. விரலை எடுத்தால், பித்தளை டப்பா ஒன்றுக்குள் சுருண்டு கிடக்கும் எஃகு நாடா, கடிகார ஸ்பிரிங் மாதிரி, லீவரைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும்.

யாரும் வேண்டாமென்று விட்டதால் அது மூன்று மாதம் சக்கிறீஸ்து அறையில், பூசை உடுப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து நான் வெளியே காத்துக்கொண்டு நின்றேன். இவர் வரவில்லை. உள்ளே போனால், டியூபாவை மடியில் வைத்துக்கொண்டு, வலது கையின் இரண்டு விரல்களை இரண்டு லீவரில் வைத்து, இடது கையின் இரண்டு விரல்களை மற்ற இரண்டில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஊதவில்லை. லீவர்களை மட்டும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தார். சக்கரங்கள் நான்கும் சத்தமில்லாமல் திரும்பின.

"என்னய மாதிரி ஒருத்தன் அங்க இருந்திருக்கான்" என்றார்.

யாரோ ஒருவர் தன் கைக்குத் தக்கபடி செய்யச் சொல்லி வாங்கியிருக்க வேண்டும். அந்த மனிதருக்கு எந்த விரல்கள் போயின, எப்படிப் போயின என்று என் கணவர் பலமுறை யோசித்துப் பேசியிருக்கிறார். அவருக்கு மட்டும் அந்த ஆளைத் தெரிந்த மாதிரி இருக்கும்.

ஆறு மாதத்தில் அவர் பேண்டில் திரும்பவும் உட்கார்ந்தார். அதில் எனக்கும் ஒரு வேலை வந்தது. லீவரின் கயிறு தேய்ந்து அறும். புதிதாகக் கட்ட வேண்டும். மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பை லீவர் முனையிலுள்ள துளையில் கோத்து, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அதிலுள்ள திருகாணிக்கு அடியில் மாட்டி, மறுபடி லீவரின் இரண்டாவது துளைக்குக் கொண்டுவந்து இழுத்து முடிச்சுப் போட வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் வால்வு முழுதாகத் திரும்பாது, சத்தம் தொண்டை அடைத்த மாதிரி வரும். கொஞ்சம் இறுகினால் கயிறு அறும். அவருடைய வலது கையால் நரம்பை இறுகப் பிடிக்க முடியாது. அதனால் நான்தான் கட்டினேன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளுக்கு எதையும் படம் போட்டு எழுதிவைத்துச் சொல்லிக் கொடுத்துப் பழகியவள். இதையும் ஒரு கொப்பித் தாளில் படமாக வரைந்து, அம்புக்குறி போட்டு, பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அப்படி மூன்று வருடம் போயிற்று. அவர் முகத்தில் தெளிச்சி வந்திருந்தது. தவக்காலத்தில் ஒரு பயிற்சியின்போது, இடது கை லீவர் ஒன்றின் ஸ்பிரிங் டப்பாவுக்குள்ளேயே உடைந்தது. பதுளையில் மணிக்கூடு திருத்தும் இரண்டு கடையிலும் கேட்டோம். கைக்கடிகாரத்துக்குத்தான் இருக்கிறது, இந்தப் பருமனுக்கு இல்லை என்றார்கள். மொனராகலையில் ஒருவர் பழைய சுவர்க் கடிகாரங்களும் தையல் மெஷினும் திருத்துகிறார், அவரிடம் இருக்கும் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். மாதா திருவிழாவுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கொழுந்து கூடிய பருவம் என்பதால் தொழிற்சாலையில் இவருக்கு லீவு கிடைக்கவில்லை.

"சனிக்கிழமை ஒனக்கு ஸ்கூல் இல்லதானே. நீ போய்ட்டு வந்துரு புள்ள. பஸ்ஸுல போனா சாயங்காலத்துக்குள்ள வந்துரலாம்" என்றார்.

இடது கைப் பக்கத்து அமைப்பு முழுவதையும் கழற்றி, துவாயில் சுற்றி, என் பள்ளிக்கூடப் பையில் வைத்துக் கொடுத்தார். திருத்துகிறவருக்கு விளங்கட்டும் என்று அந்தக் கொப்பித் தாளையும் நான் மடித்து வைத்தேன். நான்கு வயது மகளை அவருடைய அண்ணி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பசறை தாண்டி மொனராகலைக்கு இறங்கும் வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. எல்லோரும் பையோடு இறங்கி, தடுப்பு மரத்தைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் மறுபடி பஸ் ஏற வேண்டும். போர் நடந்த அந்த வருடங்களில் எல்லோருக்கும் பழகிப்போன காரியம்தான். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன்.

பையைச் சோதித்த ஆமிக்காரருக்குச் சின்ன வயது. துவாயைப் பிரித்தார். பித்தளைத் தண்டு, அதில் இரண்டு லீவர், இரண்டு டப்பா, ஒன்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த எஃகு நாடா, தனியே ஒரு சுருள் தங்கூசி. அவர் கை அப்படியே நின்றது. தொடாமல் இரண்டடி பின்னால் போனார்.

"பையைக் கீழே வை. கையைத் தூக்கு" என்றார்.

இனி நான் சொல்லும் பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. ஒரு நிமிடத்துக்கு முன் என் தோளில் இடித்துக்கொண்டு நின்றவர்கள் எல்லோரும் எங்கேயோ போய்விட்டார்கள். பஸ்ஸைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. நான் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். டியூபாவுக்குச் சிங்களத்தில் என்ன சொல் என்று தெரியவில்லை. "ஹொரணாவ" என்றேன். பெரஹரா ஊர்வலத்தில் ஊதும் சின்னக் குழலுக்குத்தான் அந்தப் பெயர். "பெரிய ஹொரணாவ. தேவாலயத்தில் ஊதுவது. அதன் துண்டு இது."

"ஹொரணாவில் ஸ்பிரிங் இல்லை" என்றார் அவர். அது உண்மைதான்.

பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். ஒரு பெண் கான்ஸ்டபிள் என்னைச் சோதித்தாள். கூந்தலை அவிழ்க்கச் சொன்னாள். கழுத்தில் கிடந்த தாலிக்கயிற்றை வெளியே இழுத்து, அதில் வேறு ஏதாவது கோத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தாள். புலிகள் கழுத்தில் கட்டும் நச்சுக் குப்பியைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் முரட்டுத்தனமாக நடக்கவில்லை.

பொறுப்பதிகாரியின் மேசையில் பித்தளைச் சாமான்களைப் பழைய பத்திரிகை மேல் பரப்பி வைத்திருந்தார்கள். பக்கத்தில் என் கொப்பித் தாள். அதை வாசித்துச் சொல்ல, தமிழ் தெரிந்த ஒரு முஸ்லிம் கடைக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் தாளை வாங்கி முதலில் தனக்குள் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாசிக்க அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"அமுக்கினால் இழுக்கும். இழுத்தால் கால் சுற்று. விட்டால் ஸ்பிரிங் திருப்பும். இறுக்கம் கூடினால் அறும், கவனம்."

'கவனம்' என்ற சொல்லுக்கு அடியில் நான் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

"இது யாருடைய எழுத்து?" என்று பொறுப்பதிகாரி கேட்டார்.

"என்னுடையது."

"யார் இதை உனக்குப் படிப்பித்தது?"

யாரும் படிப்பிக்கவில்லை, நானே கட்டிக் கட்டிப் பழகினேன் என்றேன். அது உண்மை. அந்த அறையில் அந்த உண்மை எவ்வளவு மோசமாக ஒலித்தது என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் வராததை வீட்டில் எப்படி அறிந்தார்கள் என்றால், பஸ் கண்டக்டர் திரும்பிப் போகும்போது ஸ்பிரிங்வெளிக்குப் பிரியும் சந்தியிலுள்ள கடையில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டிக்கட் வாங்கும்போது நான் ஸ்பிரிங்வெளி டீச்சர் என்று அவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அந்த மனிதருக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லவில்லை. முகமே நினைவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இவரும் பங்குத்தந்தையும் வந்தார்கள். என்னைப் பார்க்க விடவில்லை. இது ஒரு வாத்தியத்தின் துண்டு என்றால் அந்த வாத்தியத்தைக் கொண்டுவா என்று திருப்பி அனுப்பினார்கள். திங்கட்கிழமை மத்தியானம் ஒரு வேனில் டியூபாவை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். என்னை வெளியே விறாந்தைக்குக் கூப்பிட்டபோது அதைச் சிமெந்துத் தரையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். இவர் அதற்குப் பின்னால் நின்றார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். என்னைப் பார்த்தார். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் போல.

பொறுப்பதிகாரி என்னிடம், "நீதான் கொண்டுவந்தாய். நீயே பூட்டு. அவன் தொடக் கூடாது" என்றார்.

தரையில் உட்கார்ந்தேன். தண்டை வளைவுக்கு அடியால் விட்டு, இரண்டு பக்கமும் திருகாணி போட்டேன். லீவர்களைச் சரியாக நிறுத்தினேன். பிறகு தங்கூசி. அதுவரை எத்தனை தரம் கட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. அன்று முதல் முடிச்சு வழுக்கிப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. சுற்றி நின்ற பூட்ஸ் கால்கள் மட்டும் தெரிந்தன. மூன்றாவது தரம் நரம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு இழுத்தேன். நின்றது.

"ஊது" என்று இவரிடம் சொன்னார்கள்.

இவர் உட்கார்ந்து மடியில் வைத்து ஊதினார். மாதா பாட்டு ஒன்றின் அடிக்குரல். டியூபா தனியாக வாசித்தால் அதைப் பாட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பூம் என்று ஒரு சத்தம், கொஞ்சம் நிறுத்தி இன்னொரு பூம். ஒரு கான்ஸ்டபிள் சிரித்தார்.

"இது என்ன பாட்டு?" என்றார் பொறுப்பதிகாரி.

இவருக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். ஆனால் அந்த நேரத்தில் தமிழ்தான் வந்தது. "ஐயா, இது அடியில போறது. மேல வாசிக்கிறவங்க வரலைங்க." பாதர் அதைச் சிங்களத்தில் சொன்னார்.

பொறுப்பதிகாரி பாட்டைக் கேட்டு நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் என் கொப்பித் தாள் இருந்தது. குனிந்து, தாளைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, இடது கை லீவரைத் தன் விரலால் அமுக்கினார். கயிறு இழுத்தது. சக்கரம் கால் சுற்றுத் திரும்பியது. விட்டார். திரும்பி வந்தது. தாளிலிருந்த அம்புக்குறியைப் பார்த்தார். மறுபடி அமுக்கினார். ஏழெட்டுத் தரம் அமுக்கியிருப்பார். அடுத்த லீவரை அமுக்கினார். அது அமுங்கியபடியே கிடந்தது.

"இது ஏன் வரவில்லை?"

"அதுதான் உடைந்தது. அதைத் திருத்தத்தான் கொண்டு போனேன்" என்றேன்.

அவர் நிமிர்ந்து, இவரையும் பாதரையும் வேனுக்குப் போகச் சொன்னார். பிறகு உடைந்த ஸ்பிரிங் இருந்த டப்பாவை மட்டும் கழற்றச் சொன்னார். அது கொழும்புக்கு அறிக்கையோடு போக வேண்டும் என்றார். சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். பாதி வாசித்தேன், மீதியை வாசிக்கத் தெம்பில்லை. போகச் சொன்னார்கள்.

வேனில் பாதர் முன்னால் உட்கார்ந்தார். நானும் இவரும் பின்னால், நடுவில் டியூபா. வேன் பசறை ஏற்றத்தில் ஏறத் தொடங்கியது. பிறகு இவர் லீவர்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அந்த ஸ்பிரிங் டப்பா எங்க?"

"வச்சிக்கிட்டாங்க."

"யாரு வச்சிக்கிட்டது? ரசீது ஏதும் குடுத்தாங்களா? எழுதிக்கிட்டாங்களா?"

அவர் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அடித்தார்களா என்று கேட்கவில்லை. இரண்டு நாள் எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று கேட்கவில்லை. ஸ்பிரிங் டப்பா எங்கே என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் எனக்குள் ஏதோ மூடிக்கொண்டது. அதைத் திறக்க எனக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதிபர் நல்லவர். ஆனாலும் பொலிஸிலிருந்து ஒரு கடிதம் வரும் வரை வீட்டில் இருப்பது நல்லது என்றார். ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். லயத்துப் பெண்கள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் சீனியும் தேயிலையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள். ஒருத்தி மட்டும் வாசலில் நின்று, "அடிச்சாங்களா டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அடிக்கவில்லை என்பதை ஒருவரையும் நம்பவைக்க என்னால் முடியவில்லை.

அதற்குப் பிறகு டியூபாவின் கயிறுகளை நான் கட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. மூன்று லீவரோடு வாசித்தார். நான்காவது வேண்டிய இடங்களில் ஊதாமல் விட்டார். கயிறு அறும்போது தானே கட்டினார். ஒருநாள் நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன். நரம்பின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையை இடது கையால் இழுத்து, வலது கையின் இரண்டு விரல்களாலும் கட்டை விரலாலும் முடிச்சைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் நான் முடிக்கிற வேலை. அவருக்கு ஒரு மத்தியானம் போயிற்று. உதட்டோரம் நரம்பு அறுத்து ரத்தம் கசிந்தது. நான் போய் உதவவில்லை. பார்த்துக்கொண்டே பருப்புக் கழுவினேன். அதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரே வீட்டில், ஒரே பிள்ளையை வளர்த்துக்கொண்டு, சண்டை இல்லாமல், இப்படி நாலைந்து வருடம் போயிற்று. மாதக் கடைசிச் சனிக்கிழமைகளில் பேண்ட் பயிற்சி என்று காலையில் போவார், இருட்டுவதற்குள் வருவார். நான் கேட்டுக்கொள்வதில்லை.

போர்நிறுத்தம் வந்து வீதிகள் திறந்த பிறகு பங்குத்தந்தைக்கு மாற்றலானது. விடைபெற எங்கள் வீட்டுக்கு வந்தார். இவர் வேலையில் இருந்தார். தேநீர் குடித்துவிட்டு, போகும்போது கேட்டார்.

"அவர் இன்னும் அந்த ஸ்டேஷனுக்குப் போறாரா?"

"எந்த ஸ்டேஷனுக்குங்க பாதர்?"

அவர் முகம் மாறிவிட்டது. எனக்குத் தெரியாதென்று அவருக்குத் தெரியாது. மாதம் ஒரு சனிக்கிழமை இவர் அங்கே போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அந்த டப்பாவைப் பற்றி விசாரிக்கிறார் என்றார். சில நாள் யாராவது பேசுவார்கள். சில நாள் சாயங்காலம் வரை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். ஒருமுறை வெளியே தள்ளியும் விட்டார்களாம். "நான்தான் அன்றைக்கு வரும்போது அவரிடம் சொன்னேன். எல்லாச் சாமானையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள், ஒன்றை வைத்துக்கொண்டார்களென்றால் வழக்கு முடியவில்லை என்று அர்த்தம், எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கூப்பிடலாம் என்று. நான் சொன்னதுதான் அவரை இப்படி ஆக்கிவிட்டது."

இவர் வேலை முடிந்து வந்தார். கை கால் கழுவி உட்கார்ந்ததும் கேட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

யார் சொன்னது என்று கேட்கவில்லை. "சொன்னா நீ பயந்துருப்ப. வாசல்ல நாய் கொலச்சாலும் எந்திரிச்சு ஒக்காந்துருப்ப."

"அன்னைக்கு வேன்ல மொத வார்த்தையா அதத்தானே கேட்டீங்க."

"ஆமா."

"நான் என்ன நெனைச்சேன் தெரியுமா?"

"தெரியும்" என்றார். "தெரிஞ்சுதான் இருந்துச்சு. நீ அப்படி நெனச்சிக்கிட்டாலும் பரவாயில்ல, பயப்படாம இருந்தா போதும்னு விட்டுட்டேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஐந்து வருடம் என்னை அப்படி நினைக்க விட்டாரே என்ற கோபம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. பல நாள் கழித்து, எழுந்து போய் டியூபாவை இழுத்து வைத்து, அவர் கட்டியிருந்த முரட்டு முடிச்சுகளை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டிருந்தார். உடைந்து போன நான்காவதற்கு, தொழிற்சாலையில் இரும்பு வேலை செய்கிறவர் ஒருவர் பழைய மேசைக் கடிகாரத்து ஸ்பிரிங்கை அடைத்து ஒரு டப்பா செய்து கொடுத்தார். கொஞ்சம் கடினமாக அமுங்கும். ஆனால் வேலை செய்தது.

அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை நானும் அவரோடு அந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். சோதனைச் சாவடி இருந்த இடத்தில் தடுப்பு மரம் இல்லை. மண் மூட்டைகள் கிழிந்து புல் முளைத்திருந்தது. நிலையத்து வாங்கில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார்.

"வந்துட்டீங்களா தம்பி. இவங்கதான் வீட்டுக்காரம்மாவா?" என்றார்.

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று அவருக்கு. மகன் பதுளைக்கு வந்து, அங்கிருந்து மொனராகலையில் கரும்புத் தோட்டத்து வேலைக்குப் போகிறேன் என்று போனவன். அதே சாவடியில் பையோடு இறங்கினான், திரும்ப பஸ் ஏறவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்களாம். மடியில் ஒரு பொலித்தீன் பையில் மகனின் படமும் அடையாள அட்டையின் பிரதியும் இருந்தன. இவரும் அவரும் இந்த வாங்கில்தான் பழக்கம். எத்தனையோ சனிக்கிழமைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்களை முதலில் கூப்பிட்டார்கள். புதிய பொறுப்பதிகாரி. உட்காரச் சொன்னார், தேநீர் வேண்டுமா என்றும் கேட்டார். இரண்டு பெரிய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினார். பிறகு மூடினார்.

"உங்கள் பெயரில் இங்கே ஒன்றும் இல்லை. அப்படி ஒரு பொருளும் பதிவாகவில்லை."

"ஒண்ணும் இல்லைன்னு எழுதித் தருவீங்களா சார்?" என்று இவர் கேட்டார்.

"இல்லாததற்கு எப்படி எழுதித் தருவது?" என்றார் அவர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னார்.

வெளியே வந்தோம். என் உடம்பு லேசாக இருந்தது. அந்த அம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். போகலாமா என்று இவரைப் பார்த்தேன். அவர் நகரவில்லை. வாங்கில் உட்கார்ந்தோம்.

அதிக நேரம் ஆகவில்லை. அம்மா வெளியே வந்து பொலித்தீன் பையைச் சரியாக மடித்துக்கொண்டு எங்களைக் கேட்டார்.

"ஒங்களுக்கு என்ன சொன்னாங்க?"

நான்தான் சொன்னேன். "ஒண்ணும் பதியலன்னு சொல்லிட்டாங்கம்மா."

"எனக்கும் அதேதான் சொன்னாங்க" என்றார் அவர்.

மூவரும் வீதிக்கு நடந்தோம். வெல்லவாய போகும் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டோம். ஜன்னல் வழியே, "அடுத்த மாசம் பாப்போம் தம்பி" என்றார். எங்களுக்கு இனி அங்கே வர ஒரு காரியமும் இல்லை என்று அவருக்குச் சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் இவர் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. நானும் சேலை மாற்றிக்கொண்டு கூடப் போனேன்.